முன்னால் போகிற முறை

ஞானாம்பாள் கரும்பாலை ஊரான நெல்லிக்குப்பத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துகொண்டு அவளாகவே நின்றுவிட்டாள். கல்யாணமாகிக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. ஆனால் பார்ப்பாள். யார் எப்படி நடக்கிறார்கள், எந்த நாளில் யார் முகம் வாடியிருக்கிறது என்று எல்லாம் அவள் கண்ணில் படும்.

அவள் புருஷன் எழிலனுக்குக் கூரியர் ஆபீசில் வேலை. அவன் உயிர் இருந்தது சைக்கிள் பந்தயத்தில். கீரப்பாளையத்து அறிவுமதியும் அவனும் சேர்ந்து மாநிலப் போட்டிகளுக்குப் போய் வந்தவர்கள். அறிவுமதி சனிக்கிழமை சாயங்காலம் வந்து இவர்கள் வீட்டிலேயே தங்குவான். ஞாயிறு விடியும் முன் இருவரும் சிதம்பரத்துக்கு மிதித்துப் போய், கீழ வீதியில் இட்லியும் கொத்சும் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். இவளுக்கு ஒரு பொட்டலம் வரும்.

"தங்கச்சி, உன் புருஷன் என் முதுகப் பாத்துப் பாத்தே கெழவனாயிடுவான் போலருக்கு. முன்னால வாடான்னா வர மாட்டேங்கிறான்" என்பான் அறிவுமதி.

"நீ அகலமா இருக்க மச்சான். உன் பின்னால வந்தா ஏசி பஸ்ல வர மாதிரி இருக்குது" என்பான் எழிலன்.

முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவான். பின்னால், சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்கு அந்தக் காற்று இல்லை, மிதி லேசாகும். அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து முன்னால் போவார்கள். எவ்வளவு லேசாகிறது என்பதைப் பார்க்கவும் அவர்களிடம் வழி இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து பாண்டிச்சேரியில் ஒரு பின்சக்கரம் வாங்கியிருந்தார்கள். அதன் நடுவில் பவர் மீட்டர் இருந்தது. கால் கொடுக்கிற பலத்தை அது வாட்ஸ் கணக்கில் எழிலன் சைக்கிளின் கைப்பிடியில் இருந்த சின்னத் திரைக்கு அனுப்பும். வேகத்தைக் காற்று கூட்டும், குறைக்கும். வாட்ஸ் மட்டும் பொய் சொல்லாது என்பான் எழிலன்.

இரண்டாயிரத்து ஒன்பது மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனி மூட்டமாக இருந்தது. புதுச்சத்திரம் நெருங்கும்போது எழிலன் முன்னால் போக வேண்டிய முறை வந்தது. "இரு மச்சான், பனி ஜாஸ்தியா இருக்குது, இன்னும் கொஞ்சம் நானே போறேன்" என்றான் அறிவுமதி. பின்விளக்கு இல்லாமல் ஒரு கரும்பு டிராக்டர் ரோட்டோரம் நின்றிருந்தது. அதில் மோதிய அறிவுமதி அந்த இடத்திலேயே போய்விட்டான். பின்னால் வந்த எழிலனுக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது.

அதன்பிறகு எழிலன் ரோட்டுப் பக்கம் சைக்கிளை எடுக்கவில்லை. அழவும் இல்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். ஒரு வருஷம் கழித்து, பாண்டிச்சேரியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஞானசேகரன், மனசு கேட்காமல் ஒரு டிரெயினரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இரும்புத் தாங்கி அது. பின்சக்கரத்தை அதில் திருகிப் பூட்டிவிட்டால் டயர் ஓர் உருளையில் அழுந்திச் சுற்றும். எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். உள்ளறையில், வெள்ளையடித்த சுவரைப் பார்த்தபடி அதைப் போட்டான் எழிலன். தினம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஏறிவிடுவான்.

"ஊட்டுக்குள்ளயே சைக்கிள் ஓட்டி உன் புருஷன் எங்கதான் போறாரு?" என்று எதிர்வீட்டு இருசம்மாள் கேட்டாள். "போய்ச் சேந்ததும் சொல்லு, நானும் வரேன்."

ஞானாம்பாள் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

நிலைப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே அவள் திரையைப் பார்ப்பாள். மேலே வேகம், நடுவில் வாட்ஸ், கீழே கிலோமீட்டர். அறைக்குள் காற்று கிடையாது. அதனால் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு எப்போதும் இருநூறை ஒட்டித்தான் வாட்ஸ் நிற்கும். ஒரு சாயங்காலம் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தலை நிமிர்ந்தாள். வேகம் முப்பது. வாட்ஸ் நூற்று நாற்பது.

அவள் எழிலன் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்க்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், முன்னால் போகிறவனின் இடுப்பு இருக்கும் உயரத்தில் அவன் கண் நின்றிருந்தது. திடீரென்று அவன் உடம்பு இடது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முன்னால் போகிறவன் கை காட்டிய பள்ளத்தை ஒதுக்கிப் போகிற சாய்வு அது. இருபத்திரண்டு கிலோமீட்டர் வருவதற்குள் அவன் மிதிப்பதை நிறுத்தி இறங்கிவிட்டான். கடலூரிலிருந்து புதுச்சத்திரம் அவ்வளவு தூரம்தான்.

மறுநாளும் அப்படியே ஆனது. அதற்கு மறுநாளும்.

அவள் ஞானசேகரனுக்குப் போன் செய்தாள். வெளியாளுக்கு அவளாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அவர் வந்து உருளையின் திருகை முறுக்கிப் பார்த்தார். டயரில் காற்றைப் பார்த்தார். மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினார்.

"டயர் வழுக்குதும்மா, வேற ஒண்ணும் இல்ல. மிஷினுக்கும் நம்மள மாதிரி சோம்பேறித்தனம் வரும்" என்று சிரித்தார். "ஏறுப்பா எழிலா."

எழிலன் ஏறினான். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஞானசேகரன் பேச்சை நிறுத்திக் குனிந்தார். உருளையில் கை வைத்தார். டயர் வழுக்கவில்லை. வேகம் இம்மியும் குறையவில்லை. வாட்ஸ் இறங்கிக்கொண்டே போனது.

"யார் பின்னால போற?" என்றார் மெதுவாக.

எழிலன் மிதித்துக்கொண்டே இருந்தான். ஞானாம்பாள் போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே ஞானசேகரன் செருப்பை மாட்டிக்கொண்டார். "அந்த மீட்டரக் கழட்டிக் குடுத்துடச் சொல்லும்மா" என்று வாசலில் நின்று சொன்னார்.

அன்றைக்குச் சோறு போடும்போது அவளே கேட்டாள். "ஏங்க, அறிவு அண்ணனா?"

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றான் அவன். சாதாரணமாகத்தான் சொன்னான். "அன்னிக்கி என் முறை. இன்னும் அவனேதான் போயிக்கிட்டு இருக்கான். புதுச்சத்திரம் வந்தா திரும்பித் திரும்பிப் பாக்குறான், நான் நிறுத்திடுறேன். எத்தினி நாளைக்கி நிறுத்துறது? அவனுக்கும் கால் வலிக்கும்ல."

"என்னா பண்ணப் போறீங்க?"

"ஞாயித்துக்கெழம நான் முன்னால போறேன்."

அவள் கையில் இருந்த கரண்டி குழம்பிலேயே நின்றது. முன்னால் போனால் இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் அந்த டிராக்டர் இருக்கும். அறைக்குள் டிராக்டர் எப்படி வரும் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அறிவுமதி எப்படி வந்தானோ அப்படித்தான்.

சனிக்கிழமை எழிலன் வேலைக்குப் போனதும் கதவைத் தாழிட்டாள். சீட்டைக் கீழே இறக்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவள்தான், மிதிக்கத் தெரியும். எந்தப் பொத்தானை அழுத்தினால் கிலோமீட்டர் பூஜ்யத்துக்கு வரும் என்பதையும் பார்த்து வைத்திருந்தாள்.

"அண்ணே, அவர் முறைய நான் எடுத்துக்கிறேன்" என்றாள் சுவரைப் பார்த்து. அப்படிச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கால் சீக்கிரமே கடுத்தது. அறுபது, எழுபது வாட்ஸுக்கே மூச்சு வாங்கியது. ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும் என்று நினைத்த நேரத்தில் முகத்தில் காற்று அடித்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி போடவில்லை. மிதி கனத்தது, ஆனால் திரையில் வேகம் கூடவில்லை. முதுகுக்குப் பின்னால், மிக அருகில், இன்னொரு சக்கரம் சுற்றும் சத்தமும் மூச்சு வாங்குவதும் கேட்டது. அது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரியும். எத்தனை சனிக்கிழமை அவள் கையால் சாப்பிட்டவன். அவள் திரும்பவில்லை. முன்னால் போகிறவர்கள் திரும்பக் கூடாது.

இருபத்தொன்றுக்குப் பிறகு சுவரின் வெள்ளை கண்ணெதிரே பரவி அறை முழுவதும் பனியானது. வெட்டிய கரும்பின் வாசனை வந்தது. அவள் பிறந்து வளர்ந்த தெருவின் வாசனை அது. கண்ணை மூடினால் கால் நின்றுவிடும் என்று மூடாமல் மிதித்தாள். பூட்டிய சைக்கிள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. முன்சக்கரம் வலப்பக்கம் வெட்டி நேரானது. எதன் மீதோ உரசுகிற தூரத்தில் கடந்து போன மாதிரி அவள் இடது தோள் சில்லிட்டது.

திரை இருபத்து மூன்று காட்டியது. சுவர் சுவராக இருந்தது.

"தாண்டியாச்சு அண்ணே" என்றாள். பின்னால் சக்கரச் சத்தம் நிற்கவில்லை. அவள் இறங்கி, சீட்டை உயர்த்தி வைத்து, உலை வைக்கப் போனாள். சத்தமும் அடுப்படிக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழிலன் சாமி கும்பிட்டுவிட்டு ஏறினான். அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள். வேகம் முப்பது, வாட்ஸ் இருநூறு. பத்து கிலோமீட்டர் போனது, பதினைந்து போனது. இருநூறு இறங்கவே இல்லை. எழிலன் தலை நிமிர்ந்தான். பொட்டல் காட்டில் வழி கேட்க ஆள் தேடுகிறவன் போல இரண்டு பக்கமும் பார்த்தான்.

"செவுருதான் இருக்குது" என்றான்.

விடாமல் மிதித்தான். இருபத்திரண்டு வந்து போனது. இருபத்தைந்தில் கால் ஓய்ந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"அவன் வரலடி" என்றான். அன்றைக்குத்தான் அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். முந்தின நாள் தான் மிதித்ததை அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதமே அவன் ஞானசேகரனின் பையன்களோடு ரோட்டுக்குப் போக ஆரம்பித்தான். டிரெயினரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சனிக்கிழமை வந்தால் ஞானாம்பாள் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவதை அவன் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அவள் பால் வாங்கப் போகும்போது கடல் காற்று எதிரே வீசும். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நடப்பார்கள். அவள் தெரு நடுவில், தோளை விரித்து, ஒரே சீராக நடப்பாள். ஒருநாள் எதிரே வந்த இருசம்மாள் குடத்தோடு ஒதுங்கி அவளுக்கு வழி விட்டாள். ஞானாம்பாள் கடந்து போனாள். அதற்கப்புறமும், அவள் பின்னால் வருகிறவரும் போகட்டும் என்று, இருசம்மாள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் நடந்தாள்.