இருபத்தாறாவது சுற்று

1970 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. பொடிப் பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பவேரிய மலையடிவாரத்தில், கூரையில்லாத ஒரு ஸ்கேட்டிங் மைதானத்தில், இரண்டு கம்பளிச் சட்டைகளும் ஒரு மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

விளையாட்டில் எனக்கு ஆர்வம் இல்லை. வீட்டுக்காரியம்மாள் அழைத்ததால் போனேன். மியூனிக்கில் அவள் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். பெருங்காய வாசனை திரைச்சீலையில் ஏறிவிட்டது என்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தாள். என் மனைவியோ மார்ச் ஆறாம் தேதி வருவதற்கு விமான டிக்கெட் வாங்கியாகிவிட்டது. அதற்குள் வேறு அறை தேடிப் பதினேழு வீட்டுக் கதவைத் தட்டினேன், பதினேழும் மூடிக்கொண்டன. இந்த நிலையில்தான் வீட்டுக்காரியம்மாள், "என் அண்ணன் மகன் பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறான். அவனுடைய பயிற்சியாளருக்குக் காய்ச்சல். நீங்கள் இஞ்சினியர், சுற்றுகளை எண்ணுங்கள். அறையைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றாள்.

பத்தாயிரம் மீட்டர் என்பது இருபத்தைந்து சுற்று. இருவர் இருவராக ஓடுவார்கள்; யாருக்கு எந்த இடம் என்பதை எல்லோருடைய நேரத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்வார்கள். நடுவர் மேஜையில் மீதிச் சுற்றைக் காட்டும் பலகை உண்டு. ஆனால் பையனுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியோடு ஓட மாட்டான்; காதையும் கம்பளித் தொப்பியால் இறுக மூடிக்கொள்வான். ஆகவே முடிவுக்கோட்டைத் தாண்டியதும், தடத்தின் ஓரத்தில், மீதிச் சுற்றைக் காட்டும் பெரிய எண் அட்டைகளோடு ஒருவர் நிற்க வேண்டும். எண்ணுவது நான். அட்டையைப் புரட்டுவதற்கு என்னுடன் ஆராய்ச்சி செய்த வேதியியல்காரரைக் கூட்டிவந்திருந்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்.

"நான் ஐஸைத்தான் பாப்பேன். நான் சொல்லச் சொல்ல நீங்க புரட்டணும்."

"சரி சார். கை விறைச்சுப் போறதுக்குள்ள முடியுமா?"

"பதினேழு நிமிஷம் ஆகும்."

"பதினேழு நிமிஷம் ரெண்டு பேர் சுத்திச் சுத்தி வர்றதுக்கு டிக்கெட் வேறயா?"

துப்பாக்கி வெடித்தது. பையனுக்கு ஜோடி ஒரு நார்வேக்காரன். முதல் சுற்று முடிந்து பையன் எங்களைக் கடந்தான். "லாபம்" என்றேன். அடுத்த முறை "ரெண்டு". அதற்கடுத்து "மூணு". பனியும் குளிரும் பொருட்டாக இல்லை. ஒரு சுற்றைக்கூட நான் விடவில்லை.

இருபத்து நாலு என்றபோது கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தார்கள். நார்வேக்காரன் அப்போதுதான் கொஞ்சம் முன்னால் போயிருந்தான். பையன் பதறவில்லை. முதுகை இன்னும் வளைத்து, ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு, நிதானமாக வந்தான். நல்ல மனவுறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

"இருபத்தஞ்சு. முடிஞ்சுது."

"என்ன சார் முடிஞ்சுது? இன்னும் ஒண்ணு இருக்கே."

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் 1 என்ற அட்டை இருந்தது. பையன் அதைப் பார்த்துத் தலையாட்டினான்; இரண்டு கைகளையும் வீசி, அதுவரை காட்டாத வேகத்தில் பறந்தான். நார்வேக்காரன் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நடுவர்கள் கடிகாரத்தை நிறுத்தியாகிவிட்டது. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு எழுந்து நின்று கை தட்டியது. வீட்டுக்காரியம்மாள் மட்டும் தட்டவில்லை.

"முதல் சுத்துக்கு ஏன் புரட்டல?"

"எங்க சார் சொன்னீங்க? லாபம்னீங்க. ஏதோ பிள்ளையார் சுழி மாதிரின்னு விட்டுட்டேன். அப்புறம் ரெண்டுன்னீங்க, புரட்டினேன்."

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்றுதான் தொடங்க வேண்டும் என்பது தஞ்சாவூர்ப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். சிந்தாதிரிப்பேட்டையில் அரிசியைக் கடையில் வாங்குகிறார்கள். என் எண்ணிக்கையில் பிழையில்லை என்பதை இன்றும் சொல்வேன்.

பையன் ஒன்பதாவது. எட்டாவதாக வந்தவனுக்கும் அவனுக்கும் ஒரு விநாடிகூட இடைவெளி இல்லை. கடைசிச் சுற்றுக்கு என்று சேர்த்து வைத்த பலத்தை, கடிகாரம் ஓடாத சுற்றில் செலவழித்துவிட்டான்.

திரும்பி வரும் பேருந்தில் வீட்டுக்காரியம்மாள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் என்ன நடந்தது என்று ஜெர்மனில் விளக்கினேன். நெல், மரக்கால், லாபம். அவள் திரும்பவே இல்லை. மார்ச் ஆறாம் தேதி போக வீடில்லாமல் ரயில் நிலையத்தில் என் மனைவியோடும் நான்கு பெட்டிகளோடும் நிற்பதை மனத்தில் பார்த்துவிட்டேன்.

பையன்தான் வாயைத் திறந்தான். "அத்தை, இவரை வெளியே அனுப்பாதே. வேறு யார் வீட்டிலாவது குடியேறி, அவர்களுக்கும் எண்ணிக் கொடுப்பார். நம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்."

பேருந்தே சிரித்தது. வேதியியல்காரர் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தார். வீட்டுக்காரியம்மாள், "இருக்கட்டும். ஆனால் வாடகை மாதம் பதினைந்து மார்க் கூடுதல்" என்றாள்.

"பெருங்காயத்துக்கா?"

"பெருங்காயத்தை மன்னித்துவிட்டேன். இது எண்ணிக்கைக்கு."

அங்கே இன்னும் பதினான்கு மாதம் இருந்தோம். பதினைந்து வீதம் இருநூற்றுப் பத்து மார்க். அன்றைய பேருந்துக்கும், வேதியியல்காரர் குடித்த இரண்டு கோப்பை சூப்புக்கும் எட்டு மார்க் நாற்பது ஃபென்னிக். ஆக மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு மார்க் நாற்பது ஃபென்னிக்.