அப்பாவின் வண்டி ஓடியதா?

இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அம்மாவும் அக்காவும் முடிவு செய்துவிட்டார்கள். பொறுமை, உழைப்பு, பாசம் என்று தொடங்கலாம். அவையெல்லாம் அப்பாவிடம் இருந்தவைதான். ஆனால் இந்த ஒரு வருடமாக அப்பாவை நினைத்தாலே எனக்கு முதலில் வந்தது எரிச்சல். காரணம், எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் அந்த வண்டி. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். அதனால் அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பிறந்தது ஆத்தூரில். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஓட்டுநர். வாழ்க்கையில் பெரும்பகுதி சிறுமலைப் பேருந்தை ஓட்டினார். மலையில் பேருந்துகள் குறைவு என்பதால், வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு யாராவது வளைவில் ஓடிவந்தால் நிறுத்தாமல் போகமாட்டார். அதற்காக நேரக் கண்காணிப்பாளரிடம் திட்டு வாங்கி, அந்தத் திட்டை வீட்டில் நடித்தும் காட்டுவார். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவும் நானும் கல்லூரி போனோம்.

அப்பாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எதை எண்ணினாலும் தான் இருக்கும் இடத்திலிருந்துதான் எண்ணுவார். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் அவருக்கு ஒன்றாம் நம்பர்; நடத்துநருக்கோ வாசல் பக்கத்து இருக்கை. இதற்காகவே இருவரும் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். பந்தியில் தன் இலைதான் முதல் இலை. எங்கள் வீடு தெருமுனையிலிருந்து ஐந்தாவது. அப்பா யாருக்கு வழி சொன்னாலும் "முத வீடுதாங்க" என்பார். கேஸ்காரர், கொரியர்காரர் எல்லோரும் முனை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து காபியே குடித்துவிட்டார்கள். அம்மா அன்றைக்கு அப்பாவிடம் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, சொந்தக் கையால் ஒரு கார் செய்யப் போவதாக அறிவித்தார். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் கட்டினார். பழைய பேருந்து இருக்கைகள் வந்தன. ஒரு பழைய பெட்ரோல் வேனின் எஞ்சினை வாங்கி, முழுவதும் பிரித்து, வாசலில் சாக்கு விரித்துப் பரப்பினார். கோலம் போட இடமில்லாமல் அம்மா பக்கத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்த நாட்கள் உண்டு.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அய்யலூரில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லோரும் போன நாளில், காய்ச்சல் என்று சொல்லி அப்பா மட்டும் வீட்டில் இருந்துகொண்டார். மாமா எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அப்பா கையெல்லாம் கரியோடு வாசலில் நின்றார்.

"ஓடுச்சு. செத்த நேரம் ஓடுச்சு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரே இல்லாத நேரம் பாத்து ஓடுச்சாக்கும், மச்சான்?"

ஓட்டிக் காட்டலாம் என்று அப்பா ஷெட்டுக்குள் போனார், பேட்டரி தீர்ந்திருந்தது. அந்த வாரமே நெஞ்சுவலி வந்தது. டாக்டர் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்றதும் ஷெட்டுச் சாவியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார். அதன் பிறகு சொந்தத்தில் யார் எதைச் சொன்னாலும், "மச்சான் வண்டி ஓடுன மாதிரியா?" என்பது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. ஒரு விசேஷத்தையும் லேசில் விடாத அப்பா, மாமா பேரனின் காதுகுத்துக்குப் போகவில்லை. மருத்துவமனையில் கடைசியாக என்னிடம் தெளிவாகப் பேசியபோதும் அதையே சொன்னார்: "நான் பொய் சொல்லலத்தா. ஓடுச்சு."

நானும் பார்க்கவில்லையே.

முதலாண்டு நினைவு நாளுக்குப் பந்தல் போட ஷெட் இருக்கும் இடம் வேண்டும், அதற்குள் வண்டி தானாக வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் மாமா டிராக்டரில் கட்டி இழுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் சென்னையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். இரும்பாகிவிட்டால் அப்பா சொன்னது என்றைக்கும் பொய்தான்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் மற்றதெல்லாம். உதவிக்கு வந்த மாமா மூடியைத் திறந்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் பொறி கொண்டுபோக ஒரு வயர். அப்பா வயர்களில் மஞ்சள் பெயிண்டால் எண் போட்டிருந்தார். ரேடியேட்டர் பக்கம் இருப்பதைத்தான் உலகமே ஒன்றாவது சிலிண்டர் என்கிறது. அப்பாவின் ஒன்றாம் வயரோ கடைக்கோடியில் மாட்டியிருந்தது. "தலைகீழா மாட்டிட்டு ஓடுச்சுன்னா எப்படிப் பாப்பா ஓடும்?" என்று மாமா நான்கையும் வரிசையாக மாற்றி மாட்டினார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

பிறகு தொடங்கியது பாடு. புதுப் பேட்டரி. செல்ஃப் அடித்தால் கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல், சைலன்ஸரில் ஒரு வெடி, அவ்வளவுதான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். தும்மல். பிளக் மாற்றினேன். வெடி. பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினேன், பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினேன். தும்மலும் வெடியும் முறை வைத்து வந்தன. பக்கத்து வீட்டு நாய் ஷெட் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டது. பொறி நீலமாக வருகிறது, பெட்ரோல் வருகிறது, காற்று வருகிறது. இதற்கு மேல் ஓடுவதற்கு வேறு என்ன வேண்டும், வெற்றிலை பாக்கா? அப்பாவின் படத்தைப் பார்த்து நேராகவே கேட்டேன். அம்மா, "அவரு இருக்கையிலயே பதில் சொல்ல மாட்டாரு" என்றபடி காபியை வைத்துவிட்டுப் போனார்.

மாமா டிராக்டரோடு வந்த அன்று காலை, பந்தல்காரர் வழி கேட்டுப் போன் செய்தார். அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்தான். அப்போதும் முனை வீட்டில் கம்பு ஊன்றப் போனவர். ஷெட்டில் படுத்துக்கொண்டிருந்த எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

"முத வீடுன்னு அவரு சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு வராதீங்க தம்பி. அது அவரு உக்காந்திருக்கிற எடத்துல இருந்து எண்ணுறது. நீங்க முக்குல இருந்து எண்ணி அஞ்சாவது வீட்டுக்கு வாங்க."

வண்டிக்கு அடியிலிருந்து எழுந்ததில் தலை இடித்துக்கொண்டது. எஞ்சினைப் பார்த்தேன். கடைக்கோடி சிலிண்டர்தான் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் இருப்பது. பேருந்தில் எஞ்சின் அப்பாவின் பக்கத்திலேயே இருந்தது; எத்தனை வருடம் தன் முழங்காலிலிருந்து எண்ணியிருப்பார்! எஞ்சினைக் கோத்தபோதும் கடைக்கோடியையே ஒன்று என்று வைத்து, பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் அதற்குத் தக்கபடியே பொருத்தியிருக்கிறார். நாங்கள் வயர்களை மட்டும் மாற்றிவிட்டோம். ஒரு சிலிண்டர் பெட்ரோலை அமுக்கிக்கொண்டு பொறிக்குக் காத்திருக்க, பொறி வேறொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான்கு வயரையும் பிடுங்கினேன். மாமா கயிறோடு உள்ளே வந்தார்.

"மறுபடி ஏன் பாப்பா தலைகீழா மாட்டுற? நான் பாக்காத எஞ்சினா?"

"நீங்க பாத்ததெல்லாம் டீசல் மாமா. அதுல பொறியே கெடையாது."

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். கடைக்கோடியில் ஒன்றாம் வயர், ரேடியேட்டர் பக்கம் நான்காம் வயர். இருக்கையில் ஏறி உட்கார்ந்து செல்ஃபைத் தொட்டேன். தும்மல் இல்லை, வெடி இல்லை. பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "ஓடித்தான் இருக்கு, மச்சான்."

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். பெட்ரோல் வீணாகிறதே என்று நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"அணைச்சுறாத. செத்த நேரம் ஓடட்டும்" என்றார் அம்மா.

அப்பாவை மருத்துவமனையில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும் அத்தானுக்கும், தோள் கொடுத்த ஆத்தூர்ச் சொந்தங்களுக்கும், அப்பாவின் கடைசிப் பயணத்தன்று வாழைத்தார்களை அப்படியே போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த பயணிகளுக்கும், எங்கள் விருந்தாளிகளுக்கெல்லாம் காபி கொடுத்த முனை வீட்டாருக்கும், கட்டி இழுக்கக் கொண்டுவந்த கயிற்றை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போன மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

பந்தலைத் தெருவில் போட்டுக்கொண்டோம். வண்டி ஷெட்டிலேயே இருக்கிறது. ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வீடு கண்டுபிடிப்பது சுலபம். முதல் வீடு.

— இளைய மகள்