நார்த்தாமலையான் தாளுக்குக் காத்துக் கிடக்கும் என் தாள்

இந்தப் பினாங்கில் தபால் பையைக் கட்டிவிட்டால் கட்டியதுதான். நம் கீரனூரில் பஸ் நகர்ந்த பிறகும் கையைத் தட்டினால் நிற்கும்; டிரைவர் எட்டிக் கடுதாசியை வாங்கிச் சொருகிக்கொள்வார். இங்கே கப்பல் நாளன்று பையின் வாயில் அரக்கு வைத்துவிட்டால், கவர்னரே வந்து நின்றாலும் பிரிக்கமாட்டார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் நான் உறையோடு மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்து, வாசலில் நிற்கும் மலாய்க்காரச் சேவகர் "சியாப்பா சாக்கிட்?" என்பார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறார். இப்படி ஓடுகிறவன் வீட்டில் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்பது அவர் நினைப்பு. உறையில் இருப்பது ஊருக்கு நான் கைப்பட எழுதி அனுப்பும் சேதித்தாள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் எப்படி விளக்குவது? "பாய்க்", நல்லாத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுவேன். அவர் நம்பாமல் வானத்தைப் பார்த்துக் கையேந்துவார்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கப்பல் தளத்தில் படுத்து வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இன்று என் பெயரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அதைவிடப் பெருமை எனக்கு என் 'அக்கரைச் சேதி'தான். யார் வந்து இறங்கினார், எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, எல்லாம் ஒரே தாளில். கீரனூர்க் காப்பிக் கிளப்பில் சந்தை நாளன்று அதை உரக்கப் படிப்பார்கள். அந்தக் கிளப்புக்கு விறகு பிளந்து போட்டவன் நான். இன்று என் எழுத்தைக் கேட்க அங்கே கூட்டம் கூடுகிறது. காய்ச்சலில் கிடந்தபோதும் ஒரு கப்பலை நான் தவறவிட்டதில்லை.

அப்புறம் நார்த்தாமலையிலிருந்து சிதம்பரம் வந்தான். பள்ளிப் படிப்பை முடித்தவன், இங்கே வக்கீல் குமாஸ்தா. அவனும் அதே கீரனூர்க் கிளப்புக்கு ஒரு தாள் எழுதத் தொடங்கினான். அதில் சேதி என்று ஒன்றும் இருக்காது. மழை பெய்ததையே ஒரு பக்கம் எழுதுவான். ஒரு கப்பலுக்கு எழுதினால் அடுத்த கப்பலை விட்டுவிடுவான். இவனெல்லாம் எனக்குப் போட்டியா என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் என் மச்சினன் ராசு ஊரிலிருந்து வந்தான். சோறு போட்டு, என் தாளைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ஒங்க தாளு வந்தவொடனே பிரிக்கமாட்டாங்க மச்சான். நார்த்தாமலைக்காரரு தாளும் வரட்டும், சேத்துப் படிச்சுக்கலாமுன்னு வெத்தலைத் தட்டுக்கு அடியில வச்சிருவாங்க."

"அவன் தாளு வரலேன்னா?"

"வர்ற வரைக்கும் கெடக்கும். ஒங்களுது வேலைக்கு ஆகும் மச்சான். அவரோடது கேக்க நல்லாருக்கும்."

என் தாளையும் தாமதமாக அனுப்பிக் கீரனூரைக் காக்கவைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் அவன் தாளை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். வேறு வழி இல்லை. அடுத்த கப்பல் நாளன்று விடிந்ததும் சிதம்பரத்தின் அறைக்குப் போய் நின்றேன். தாளில் இரண்டு வரி எழுதிவிட்டுப் படுத்திருந்தான்.

"மனசு ஓடலண்ணே. அடுத்த கப்பலுக்குப் பாத்துக்கலாம்."

"மனசெல்லாம் அப்புறம் ஓடட்டும். நீ எந்திரிச்சு எழுது."

அவன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தேன், முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. என் பயலுக்குக்கூட இப்படிக் காவல் இருந்ததில்லை. முடித்ததும் வாங்கிப் படித்தேன். நார்த்தாமலையில் வெயிலில் காய்ந்த பாறைமேல் முதல் மழை விழும்போது எழும் ஆவியை எழுதியிருந்தான். அந்தப் பாறையில் ஆடு மேய்த்து நனைந்தவன் நான். அவன் குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போனவன். என் பாறையை அவன் எப்படி எழுதலாம்? கிழித்துப்போடக் கை துறுதுறுத்தது. கிழித்தால் என்னுடையதும் வெற்றிலைத் தட்டுக்கு அடியில்தான் கிடக்கும். மடித்து உறையில் போட்டு, நானே பசை தடவி ஒட்டினேன்.

இரண்டு உறையோடு ஓடினேன். சேவகர் பார்த்து முகம் வாடி, "துவா?" என்று இரண்டு விரலைக் காட்டினார். சுகமில்லாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்களா என்று கேட்கிறார். அன்றைக்கு எனக்கு "பாய்க்" என்று சொல்ல வாய் வரவில்லை. என் உறையை அவன் உறைக்கு மேலே வைத்துக் கொடுத்தேன். அரக்கு விழுந்தது.

இரண்டும் ஒன்றாகக் கடல் தாண்டி, ஒரே பஸ்ஸில் கீரனூர் போய் இறங்கும். முதலில் என் சேதியைப் படிக்கட்டும். பிறகு அவன் மழை பெய்யட்டும். அந்தக் கூட்டத்தோடு நானும் நின்று அந்தப் பாறையில் நனைவேன். அதே நேரம் இங்கே சுள்ளென்ற வெயிலில் கடையைத் திறந்துவைத்து, ஒரு சீனத்திக்கு உளுந்து நிறுத்துக்கொண்டிருப்பேன்.