ஆறு அங்குலத் துளை

கடையின் வழவழப்பான தரையில் இரண்டு இரும்புத் திருகுகளை அருகருகே நிறுத்திவைத்துக்கொண்டு என் மாமனார் நின்ற நிற்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நெஞ்சு உயரம். கீழ்ப்பாதி புட்டுக்குழாயைச் சுற்றிப் பாம்பு ஏறியதுபோல வளைந்து வளைந்து ஏறும். நுனியில் இரண்டு அலகுகள், மேலே கையால் சுற்றுவதற்கு வளைந்த ஒரு பிடி. குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரியின் மேல் நின்று, இந்தத் திருகைச் சுழற்றித் துளை போட்டு, துளைக்குள் தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பார்கள். ஆகர் என்று அதற்குப் பெயர். ஒன்று போடும் துளை ஆறு அங்குல அகலம், மற்றது போடுவது எட்டு அங்குலம். ஆரஞ்சு வண்ணம் பூசிய அந்த இரண்டுக்கும் நடுவில், என் கணவரின் பழைய குளிர்க் கோட்டுக்குள் பாதி மறைந்து, ஆவடி, பூந்தமல்லி சாலைகளில் வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர் நின்றார்.

நான் திருச்சிப் பக்கத்துக்காரி. அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கூட வேலை பார்த்தவரை மணந்துகொண்டு, கள்ளிக்குப்பத்தில் இருந்த அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். மாமா அப்போதே ஓய்வு பெற்றிருந்தார். அவர் ஓட்டிய காலத்துப் பேருந்துகளில் ஸ்டீரிங்கை ஒடிப்பது என்பது உரலைத் தூக்கி வைப்பதுபோல. அந்த உழைப்பெல்லாம் போய் அவருடைய வலது தோளில் உட்கார்ந்திருந்தது. சட்டை மாட்டும்போது முதலில் வலது கையை நுழைத்துக்கொண்டு, அப்புறம்தான் இடது கையைத் தேடுவார். ஆனால் தூண்டில் என்றால் அந்தத் தோள் மறுபேச்சுப் பேசாது. வேலையில் இருந்தவரை வார ஓய்வு நாளிலும், பிறகு நினைத்த நாளிலும், ஸ்கூட்டரில் அம்பத்தூர் ஏரிக்குப் போய்விடுவார். ஞாயிறு என்றால் ஆராதனை முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல் போவார். பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால்.

பிடித்து வருவதோடு அவர் வேலை முடிந்தது. வாளியைக் கொல்லைக் குழாயடியில் வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். அத்தை அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, சாம்பலும் கல்லுப்பும் வைத்துத் தேய்த்து, விராலின் வழுவழுப்பைப் போக்கி, ஒரு துணுக்குச் செதில் இல்லாமல் ஆய்ந்து எடுப்பார். ஒருநாள் நான் வாய்விட்டுக் கேட்டேன், மாமா உதவி செய்யக் கூடாதா என்று. அத்தை சிரித்தார்: "அவருக்கு ஸ்டீரிங்கும் தூண்டிலும்தான் புடிக்கத் தெரியும். கத்தியக் குடுத்தா மீன உட்டுட்டு வெரல ஆஞ்சிடுவாரு." உள்ளேயிருந்து பதில் வந்தது: "புடிக்கறது என் வேல, ஆயறது உன் வேல. எழுதி கையெழுத்தா போடணும்?"

பிறகு நாங்கள் இருவரும் கனடாவுக்கு மாற்றலாகிப் போனோம். அங்கே இருக்கும்போதுதான் அத்தை போன செய்தி வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் வந்து சேரும்வரை குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். மாமா அந்தப் பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினார். அழவில்லை. என் கணவரும் அழவில்லை. பந்தல், கல்லறை, சாப்பாடு என்று ஓடிக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நான் கொல்லைப்பக்கம் போனேன். குழாயடியில் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. திறந்தால், உள்ளே ஒரு விரால் உயிரோடு வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அத்தை இறந்த அன்று காலையில் மாமா பிடித்து வந்தது. சாயந்திரம் ஆய்ந்துகொள்ளலாம் என்று அத்தை மூடி வைத்திருக்கிறார். இத்தனை கூட்டத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் நின்றதைப் பார்த்து மாமா வந்தார். வாளிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைத் தூக்கி ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு போனார். வெறும் வாளியோடு திரும்பி வந்தார். அதன்பிறகு அவர் தூண்டிலைத் தொடவில்லை. மீன் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவரை எங்களோடு அழைத்துப் போனோம். தனியாக இருந்தால் என்ன ஆவாரோ என்ற பயம் எங்களுக்கு. அங்கே என்ன ஆனார் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் அவரும் பகலெல்லாம் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். காப்பி கொடுத்தால் "சரிமா" என்பார். சாப்பாடு வைத்தால் "போதும்மா" என்பார். இரண்டு சொற்கள். சில நாள் எனக்கு அவர்மேல் இரக்கம் வரும், சில நாள் எரிச்சல் வரும். வெளியே பனி விழுந்துகொண்டே இருக்கும். அவர் பார்ப்பதைப் பார்த்தால், ஏதோ நிறுத்தத்தில் வராத பேருந்துக்குக் காத்திருப்பவர்போலத் தோன்றும்.

இதற்கிடையில் கள்ளிக்குப்பம் வீட்டை விற்கும் பேச்சு ஆரம்பித்திருந்தது. தரகர் ஒருவர் அடிக்கடி கணவரை அழைத்துப் பேசினார். அப்பா இனி எங்களோடுதானே, அங்கே பூட்டிக் கிடக்கும் வீடு எதற்கு என்பது இவருடைய கணக்கு. எல்லாப் பேச்சும் மாமாவின் காதுபட, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாண்டித்தான் நடந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் தூண்டில், வாளி எல்லாம் ஏற்றுவதை மாமா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், அவரோடு கையாலேயே ஏதோ பேசி, அவருடைய காரிலும் ஏறிவிட்டார். நாங்கள் பதறிப்போனோம். மதியத்துக்குமேல் மூக்கும் காதும் சிவந்து வந்து சேர்ந்தார்.

"ஏரி மேலயே நடந்து போறாங்கமா," என்றார் என்னிடம். "காரக்கூட ஏரி மேல நிறுத்திகினு கீறாங்க. நம்மூர்ல சொன்னா, தண்ணி போட்டுட்டு ஒளறான்னு சொல்லுவானுங்க." நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். வந்ததிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

மறுவாரம் என் கணவரே கடைக்கு அழைத்துப் போனார். அப்பாவுக்கு என்று சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆர்வம். கடைக்காரப் பையன் பொறுமையாக விளக்கினான்: சின்ன மீனுக்கு ஆறு அங்குலம் தாராளம், சுற்றுவதும் சுலபம், பெரிய மீன் வேண்டுமென்றால் எட்டு, ஆனால் எட்டு என்றால் வெட்டி எடுக்க வேண்டிய பனிக்கட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு, கை வலிக்கும். அதற்கும் மேலே என்றால் மோட்டார் வைத்தது வாங்கிக்கொள்வது நல்லது.

"எட்டே வாங்கிடலாம்," என்றார் கணவர். "வாங்கறதுதான் வாங்கறோம், பெருசா இருக்கட்டும்."

"மாமா தோள் என்ன ஆகறது? ஆறு போதும்," என்றேன்.

"நான் சுத்தித் தரேன். அவர் ஏன் சுத்தணும்?"

"நீங்க எத்தனை வாரம் கூடப் போவீங்க?"

தமிழில்தானே என்று இருவரும் குரலை உயர்த்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மாமா தாங்கியிலிருந்து இரண்டையும் எடுத்து முன்னால் நிறுத்திக்கொண்டார். முதலில் எட்டின் பிடியைப் பிடித்துக் காற்றில் சுற்றினார். தோள் ஒருமுறை வெட்டி இழுத்தது தெரிந்தது. பிறகு ஆறை எடுத்துச் சுற்றினார். எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "சுத்தப்போறது நானு. என்ன ஒரு வார்த்த கேளுங்கடா."

ஆறு அங்குலத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"ஆறு," என்றார்.

அந்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரரோடு நாங்கள் மூவரும் ஏரிக்குப் போனோம். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் கதவு சாத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டு நான் அலறினேன். அது பனிக்கட்டி இறுகும் சத்தமாம், ஒன்றும் ஆகாதாம். மாமா ஓரிடத்தில் மண்டியிட்டு, பனித்தூளைத் துடைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் பனிக்கட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து ஆகரை ஊன்றினார். மகன் கை நீட்டியபோது "தள்ளு" என்றார். இடது கையால் மேலே அழுத்தி, வலது கையால் சுற்றினார். தேங்காய்த் துருவல்போல வெள்ளையாகக் குவிந்தது. நின்று மூச்சு வாங்கினார், மறுபடி சுற்றினார். திடீரென்று திருகு உள்ளே இறங்க, கருநீலத் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில், நெரிசலான திருப்பத்தில் வண்டியை உரசாமல் திருப்பிவிட்டவருடைய திருப்தி இருந்தது.

உடம்பில் கோடு போட்ட சின்ன மீன்கள் சில வந்தன. பக்கத்து வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டார். வெகுநேரம் கழித்துத் தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. அவர் எழுந்துவிட்டார். தூண்டில் நரம்பை விட்டுக்கொடுப்பார், இழுப்பார், மறுபடி விடுவார். கடைசியில் துளையின் அடியில் ஒரு நிழல் வந்தது. வாத்து அலகுபோல நீண்ட வாய், அதற்குப் பின்னால் ஒரு பெரிய உடம்பு. துளைக்கு நேராக அதன் தலையைத் திருப்ப முடியவில்லை. திருப்பிய தலை விளிம்பில் இடித்துத் திரும்பிவிடும். கணவர் பனிமேல் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்.

"எட்டு வாங்கியிருக்கலாம்! சொன்னேனே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "அப்பா, விடாத! பக்கத்துல இன்னொரு துளை போட்டு பெருசாக்கிடறேன்!" ஆகரை எடுக்க ஓடினார்.

மாமா துளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மீனின் ஒரு கண் மேலே பார்த்தபடி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கை நீட்டிக் குறடு வாங்கினார். மண்டியிட்டு, அந்தச் சில்லிட்ட தண்ணீருக்குள் முழங்கைவரை கையை விட்டு, குறட்டால் மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைத் திருகி எடுத்துவிட்டார். நிழல் ஒருமுறை புரண்டது. துளையில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"ஏம்ப்பா!" என்று கணவர் ஆகரோடு வந்து நின்றார். "எவ்ளோ பெரிய மீனு! எதுக்கு விட்ட?"

"உடுறா," என்றார் மாமா. விறைத்த கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். "ஊட்டுக்கு எட்துகினு போனா மட்டும் யாருடா ஆயறது? ஒங்கம்மாவா கீறா?"

அத்தை போனபிறகு அவர் வாயில் அத்தையைப் பற்றி வந்த முதல் வார்த்தை அதுதான். என் கணவர் ஆகரைக் கீழே வைத்தார். வாளிமேல் உட்கார்ந்தார். அடக்கத்தன்று ஓடி ஓடித் தள்ளிப்போட்டதெல்லாம் அந்த ஏரியின் நடுவில் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு தன் தூண்டிலைச் சரிசெய்தார். மாமா மகனின் தலைமேல் ஈரக் கையை வைத்தார்.

"என்ன ஊட்டுக்கு அனுப்பிடு நைனா," என்றார் மெதுவாக.

"அங்க தனியா என்னப்பா பண்ணுவ?"

"இங்க மட்டும் கும்பலாவா கீறேன்? நீங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர உட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள பொழுது பூடுது. அங்கன்னா காலைல மொத பஸ்ஸு சத்தமாச்சும் கேக்கும். அவ இருந்த ஊடு அது. விக்காத."

விமானச் சீட்டு போட்டோம். தரகரிடம் இனிமேல் அழைக்க வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். ஆகர் பக்கத்து வீட்டுக்காரரிடம் போயிற்று. அவருக்கும் முதுகுவலி, ஆறு அங்குலம் தோதாக இருந்ததாம்.

மறு ஆண்டு நாங்களும் திரும்பிவிட்டோம். மாமாவுக்காகவே வந்தோம் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். ஆனால் வேலையும் இங்கே மாறியது, குளிரும் எங்களுக்கு அலுத்துவிட்டது. முகப்பேரில் குடியிருப்பு. கூடவே இருக்கலாம் என்று கள்ளிக்குப்பத்துக்குப் பெட்டியோடு போனபோது, "சொம்மா வந்து போங்க, அது போதும்" என்று மாமா சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்துப் பராமரிக்கப்படுவது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஞாயிறுதோறும் போகிறோம்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு, குழாயடியில் அவர் அத்தையின் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் செதில். வாளியில் ஜிலேபிக் கெண்டைகள். ஏரிக்கு மறுபடி போகத் தொடங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சேலையைச் செருகிக்கொண்டு மாமாவின் எதிரில் உட்கார்ந்தேன். எனக்கும் மீன் ஆயத் தெரியாது. திருச்சியில் அம்மா என்னை அந்தப் பக்கமே விட்டதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு மீனைக் கந்தலாக்கினோம். இன்னொன்றில், வயிற்றுக்குள் இருக்கும் பச்சைப் பித்தப்பையை அவர் உடைத்துவிட்டார். அது உடைந்தால் மீன் கசந்துபோகும் என்பது இருவருக்குமே தெரியவில்லை. கழுவி, அதையும் சட்டியில் போட்டோம். குழம்பை அவரே வைத்தார்.

கணவர் முதல் வாய் வைத்ததும் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். மாமா மட்டும் பிசைந்து பிசைந்து பாதிச் சோற்றைத் தின்றுவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"கசக்குதில்ல?"

"கொஞ்சம்பா."

"கொஞ்சமா? அவ இருந்தா, இத சட்டியோட தெருல ஊத்திட்டு, என்னையும் வெளில தள்ளிக் கதவ சாத்தியிருப்பா," என்று சொல்லி, தோள் குலுங்க, இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். நானும் தட்டை நீட்டினேன்.