பட்டியலில் இரண்டு விஸ்தின்

விஸ்தின் போர்தெல்லி என் தங்கை விதோரினைக் கட்டியவர். கோசோத் தீவில் எங்கள் ஐன் தூத்தா ஊருக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள். போர்தெல்லி என்று எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது வீடு. ஆளைக் காட்டுவது வீட்டுப் பெயர்தான். எங்கள் அப்பா வழி உப்புக்காரர் வீடு, அம்மா வழி ஒற்றை மணி வீடு. விஸ்தின் பிறந்தது 'கால்சட்டை இல்லாதான்' வீட்டில்.

அந்தப் பெயர் அவருடைய தாத்தாவால் வந்தது. தாத்தா பெயரும் விஸ்தின்தான். திருவிழாவன்று கடலுக்கு மேலே சாய்த்து நிறுத்திக் கொழுப்பு பூசிய கம்பத்தில் ஓடி, நுனியில் இருந்த கொடியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தார். மேலே வந்தபோது கையில் கொடி இருந்தது, இடுப்பில் ஒன்றும் இல்லை. பங்குச்சாமியார் உட்பட ஊரே கரையில் நின்றது. கொடியை ஒரு மாதத்தில் மறந்துவிட்டார்கள்.

அந்தத் தாத்தாவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் ஜான்னி, அவர் அப்பா வீட்டிலேயே இருந்தார். இளையவர் மிக்கியேல் தேனீ வளர்க்கும் வீட்டுப் பெண்ணைக் கட்டி, மாமனார் வீட்டோடு போய்விட்டார். மூத்த பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே ஜான்னியின் மூத்த மகனும் விஸ்தின், மிக்கியேலின் மூத்த மகனும் விஸ்தின். இரண்டு பேரும் போர்தெல்லி, ஒன்றரை வயசு வித்தியாசம். ஒருவர் கால்சட்டை இல்லாதான், மற்றவர் தேன் வீட்டார். யாருக்கு எது வாய்த்தது பாருங்கள்.

நம்மவருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயர் ஆகாது. கூப்பிட்டவர்களோடு அடிதடி. பெரியவரானதும் அடிக்கவில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஒயின் கடையில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். பெண் பார்க்க வந்த அன்று விதோரினிடம், "அந்தப் பேரு உன் காதுல விழாம பாத்துக்கறேன்" என்றார். "ஏற்கனவே விழுந்தாச்சு. அப்படி என்ன ஆளுன்னு பாக்கத்தான் ஒத்துக்கிட்டேன்" என்றாள் என் தங்கை. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது.

கூடப் பிறந்த மூன்று தம்பிகளும் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. முப்பது வயதில் ஊற்று, கால்வாய் பார்க்கும் அரசாங்க அலுவலகத்தில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தார். எங்கள் ஊர் ஊற்றுக்குக் காவல். எந்த வயலுக்கு எத்தனை மணிக்கு முறையோ அப்போது மடையைத் திறந்து மூட வேண்டும், பாசி வழிக்க வேண்டும், கல் சரிந்தால் எடுத்து அடுக்க வேண்டும். பதினோரு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. மேட்டு ஊற்றுக்குக் காவல் அந்தத் தேன் விஸ்தின். அவருக்கு மாமனார் வழியில் ஆளைத் தெரியும், ஆகவே முன்பே நிரந்தரம்.

நம்மவருக்கும் நிரந்தர உத்தரவு வருகிற ஆகஸ்டில், பதினைந்தாம் தேதி சாந்தா மரியா திருநாளுக்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள். நாடு குடியரசாகி மறு வருஷம் அது. விதோரின் அடுப்படிக்குப் புது ஓடு போடக் கொத்தனாரிடம் பேசிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், தொழிலில் டாக்டர், நாடாளுமன்றத்தில் கேள்வி போட்டார். அந்த அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், யார் யார், என்ன வேலை, என்ன சம்பளம், பட்டியல் வேண்டும் என்று. கேட்பது அவர்கள் உரிமை. அரசாங்கத்துக்கு வேண்டியவர்களை வேலையில் திணிப்பது எந்தக் கட்சி வந்தாலும் நடக்கிறதுதான்.

பட்டியல் எழுதியது எங்கள் தீவு அலுவலக எழுத்தர் சில்வெஸ்த்ரு. நல்ல மனுஷன், கழுத்துப்பட்டி இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டார். அலுவலகத்தில் யாரையும் வீட்டுப் பெயர் சேர்த்துத்தான் எழுதி வைப்பார்கள், இல்லாவிட்டால் ஆள் தெரியாது. சில்வெஸ்த்ரு யோசித்தார். அவைத் தலைவர் முன்னால் போகிற காகிதத்தில் 'கால்சட்டை இல்லாதான்' என்று எப்படி எழுதுவது? மரியாதை இருக்கிறதே. ஆகவே எல்லாருடைய வீட்டுப் பெயரையும் எடுத்துவிட்டு, ஞானஸ்நானப் பெயரும் குடும்பப் பெயரும் மட்டும் அழகாக எழுதி அனுப்பினார்.

பதினேழாவது வரி: விஸ்தின் போர்தெல்லி, ஊற்றுக்காவலர். பதினெட்டாவது வரி: விஸ்தின் போர்தெல்லி, ஊற்றுக்காவலர்.

டாக்டர் எழுந்து நின்று இரண்டு வரியையும் வாசித்தாராம். "இந்த அதிசய மனுஷர் ஒரே நேரத்துல ரெண்டு ஊத்துல நிக்கிறார். ரெண்டு சம்பளம் வாங்குறார். அமைச்சர் இவரப் புனிதரா அறிவிக்கச் சொல்லி ரோமுக்கு எழுதலாமே!" அவையே சிரித்தது என்று வானொலியில் சொன்னார்கள். செலவையும் ஆட்களையும் துருவிப் பார்க்க உறுப்பினர்கள் ஆறு பேர் கொண்ட குழு போட்டார்கள். குழு முடிவு சொல்லும் வரை தற்காலிக ஆளின் வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது, நிரந்தரம் என்ற பேச்சே இல்லை என்று தாள் வந்தது. அந்தத் தற்காலிக ஆள் நம்மவர்.

ஞானஸ்நானச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அதற்குத் தலைநகர் வலேட்டாவில் இருந்த குழுவிடமிருந்து பதில் வந்தது: உலகத்தில் இரண்டு பேர் இருப்பது சரி, இரண்டு பேரும் வேலை செய்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி? பதினோரு வருஷத்து வருகைப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள்.

புத்தகம் இருந்தது. மேஸ்திரி நார்து தினமும் காலையில் சைக்கிளில் ஊற்று ஊற்றாகச் சுற்றி, ஆளைக் கண்ணால் பார்த்துக் குறித்த புத்தகம். நார்து எழுதியது வீட்டுப் பெயர் மட்டும்தான். பக்கத்துக்குப் பக்கம், 'தேன், உண்டு. கால்சட்டை இல்லாதான், உண்டு.' விஸ்தினுக்கு எழுத்து வாசிக்க வராது. பதினோரு வருஷமாகத் தன்னை இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

நான் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். சில்வெஸ்த்ரு புத்தகங்களை மேஜையில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"இத நான் எப்படிய்யா நாடாளுமன்றம் கூடுற அரண்மனைக்குள்ள கொண்டு போவேன்? வேற பக்கத்தப் பாருங்க, 'தொப்பை', 'பூனை தின்னி', அதுக்குக் கீழ ஒண்ணு, அத வாயால சொல்லவே முடியாது."

"கொண்டு போகாதீங்க" என்றார் விஸ்தின்.

விதோரின் பாத்திரத்தைப் பட்டென்று வைத்தாள். "கொண்டு போகாம?"

"தம்பி மெல்போர்ன்லேருந்து போன வாரம்கூட எழுதியிருக்கான். வேலை இருக்காம், ரூமும் இருக்காம்."

"ஓ. கப்பலேறலாம்கிற. ஒரு பேரச் சொல்ல வெக்கப்பட்டு உலகத்தோட அந்தக் கோடிக்குப் போகலாம்கிற."

"பேப்பர்ல போடுவான், விதோரின். அவையில சொல்றது அச்சுல ஏறும். நாளைக்கு என் பேரன்கூட அதப் படிப்பான்."

"படிக்கட்டுமே! தாத்தா பதினோரு வருஷம் ஒரு நாள் லீவு போடலன்னும் அதே தாள்லதானே இருக்கும். நீ போறதுன்னா போ. அங்க தேனும் கிடையாது, கால்சட்டையும் கிடையாது, எல்லாம் போர்தெல்லிதான். செத்தா யாரு செத்தான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நான் எங்கக்காவ விட்டுட்டு வரமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல? அவ போனா எனக்கு யாரு இருக்கா?" என்றேன். விஸ்தின் புத்தகங்களைச் சில்வெஸ்த்ரு பக்கமே தள்ளினார்.

அடுத்த செவ்வாய் விடிந்ததும் குழுவைப் பார்க்கப் படகேறினோம். விஸ்தின், விதோரின், நான், சில்வெஸ்த்ரு, மேஸ்திரி நார்து, தேன் விஸ்தின். தேன் விஸ்தின் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தி வந்திருந்தார். "என்னடா அண்ணே, அங்க போயி நீதான் நான்னு சொல்லிடாத. எனக்குப் பொண்டாட்டி ஒருத்திதான், அதையும் பங்கு கேட்டுறாத." நம்மவர் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். சில்வெஸ்த்ரு புத்தகங்களைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டையும் சுற்றி மடியில் வைத்திருந்தார், யாரோ திருடிவிடுவார்கள் போல.

அரண்மனையில் ஒரு பக்கவாட்டு அறை. நீள மேஜை, ஆறு உறுப்பினர்கள். நடுவில் தலைவர், நரைத்த வக்கீல். டாக்டர் அவருக்கு வலப்பக்கம். பேசுவதையெல்லாம் ஒரு பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். நாங்கள் சுவரோரப் பெஞ்சில்.

தலைவர் புத்தகத்தைப் பிரித்தார். சில்வெஸ்த்ரு கண்ணை மூடிக்கொண்டார்.

"தொப்பை, உண்டு. பூனை தின்னி, உண்டு. தேன், உண்டு." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "கால்சட்டை இல்லாதான், உண்டு. இது வருகைப் புத்தகம்தானா? இல்ல சந்தைக் கணக்கா?"

ஒரு உறுப்பினர் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் பக்கங்களைத் தள்ளினார். "தேன், கால்சட்டை இல்லாதான். தேன், கால்சட்டை இல்லாதான். எல்லா நாளும் ரெண்டு பேரும். சரி, எழுத்தரே, இந்தக் கால்சட்டை இல்லாதான் யாரு?"

சில்வெஸ்த்ரு மூடிய கண்ணைத் திறக்கவில்லை. நார்து தொப்பியைத் திருகினார். தேன் விஸ்தின்தான் மெல்ல எழுந்து, "ஐயா, அது வந்து…" என்று ஆரம்பித்தார்.

"நீ உக்காருடா" என்றார் நம்மவர். எழுந்து நின்றார். எழுதுகிற பெண்ணின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நான்தான் ஐயா. கால்சட்டை இல்லாதான் வீட்டு விஸ்தின். எழுதிக்கம்மா. அந்தப் புத்தகத்துல எத்தனை தடவ அந்தப் பேரு இருக்கோ அத்தனை நாளும் நான் ஊத்துல நின்னேன்."

அறை சிரித்தது. டாக்டர்தான் அதிகம் சிரித்தார். "மன்னிக்கணும், ஒரு குடும்பத்துக்கு எப்படி அய்யா இந்தப் பேரு…"

"எங்க தாத்தா கொடிக்கம்பத்துல ஏறி கொடியப் பிடுங்கினவரு, டாக்டரே. கால்சட்டையோட போனவங்க எல்லாம் வெறுங்கையோடதான் திரும்பினாங்க." அப்புறம் நம்மவர் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருஷத்துப் பேச்சும் அன்றைக்கு வெளியே வந்தது. "உங்கம்மா எங்க தீவு நதூர்க்காரங்கதானே? உங்க பெரிய மாமா கடையில நான் ஆணி வாங்கியிருக்கேன். அந்த வீட்டுக்கு என்ன பேரு, நீங்களே சொல்லுங்க."

டாக்டர் காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் பெஞ்சில் இருந்தபடியே விதோரினைக் கிள்ளினேன். அந்த வீட்டை எனக்கும் தெரியும், என் நாத்தனாருக்குச் சம்பந்தி வழி.

"சொல்லுங்க டாக்டர், பதிவுக்கு வேணும்" என்றார் தலைவர், முகத்தைத் திருப்பாமல்.

"பூனை தின்னி" என்றார் டாக்டர்.

"அப்ப ரெண்டாவது வரியில இருக்கறது?"

"என் சின்ன மாமா மகனா இருக்கும்."

அதற்குப் பிறகு அங்கே நடந்தது விசாரணை இல்லை. கடைக்கோடியில் இருந்தவர் தன் வீட்டுப் பெயர் 'கழுதைக்காது' என்றார். இன்னொருவர், தன்னுடையதை மேன்மை தங்கிய பெண்மணி முன்னால் சொல்ல முடியாது என்றார். எழுதுகிற பெண் தலை நிமிராமல், "சொல்லுங்க ஐயா, எங்க வீட்டுது அதவிட மோசம்" என்றாள். தலைவர் மேஜையைத் தட்டி அமைதிப்படுத்தி, டாக்டரைப் பார்த்தார். "உங்க கேள்வி நியாயமான கேள்வி. ஆளில்லாம சம்பளம் போகுதான்னு கேட்டீங்க. இங்க ஆள் இருக்கு, பேரத்தான் காணாம அடிச்சிருக்காங்க." பிறகு சில்வெஸ்த்ருவிடம்: "இனி எங்களுக்கு வர்ற பட்டியல்ல புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதுங்க. எங்க மரியாதைய நாங்க பாத்துக்கறோம்." இரண்டு வேலையும் இரண்டு ஆளுக்கு உள்ளது, பதினோரு வருஷமும் சேவையில் சேரும் என்று எழுதச் சொன்னார்கள். டாக்டரே அதை முன்மொழிந்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது.

திரும்பும் படகில் விதோரின் பையிலிருந்து ரொட்டியும் எண்ணெய் ஊற்றிய தக்காளியும் எடுத்தாள். விஸ்தின் காலையிலிருந்து சாப்பிடவில்லை, மூன்று துண்டு சாப்பிட்டார். தேன் விஸ்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொடி பிடுங்கின தாத்தா எனக்கும் தாத்தாதானேடா. நானும் அந்தப் பேர வச்சுக்கலாமா?"

"உங்கப்பா தேன் கேட்டுத்தானே வீடு மாறிப் போனாரு? நீ அதையே நக்கிக்கிட்டு இரு."

சில்வெஸ்த்ருகூடச் சிரித்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தியிருந்தார்.

நிரந்தர உத்தரவு ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வந்தது. கொத்தனார் மறுநாளே ஓடு இறக்கினான். அன்று சாயங்காலம் விஸ்தின் என்னையும் விதோரினையும் உட்கார வைத்து, மெல்போர்ன் தம்பிக்குக் கடிதம் சொன்னார், விதோரின் எழுதினாள். ரூமை வேறு யாருக்காவது கொடுத்துவிடு, அடுத்த கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீ வா, என்று. எழுதி முடிப்பதற்குள் வெளியே கீழ் வயல்காரன் குரல் கேட்டது.

"ஏ கால்சட்டை இல்லாதான்! தண்ணி இன்னும் வரல!"

விதோரின் பேனாவைத் தூக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"உன் முறை ஆறு மணிக்குடா, இப்ப அஞ்சே முக்கால்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் விஸ்தின். பிறகு எங்களிடம், "ஒட்டி வைங்க, போற வழியில பெட்டியில போட்டுடறேன்" என்று சொல்லி மடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.