பிழை யாருடைய பெட்டியில்

யசீகரனின் கராஜுக்குள் ஒருநாளும் கார் நின்றதில்லை. பகலில் ஒடாஹுஹுவில் ஒரு குளிர்களஞ்சியத்துக்கு எலெக்ட்ரீஷியன். கிளென் ஈடனில் வீட்டுக்கு வந்தால் கராஜ் மேசையில் மின்னலைகளைத் திரையில் காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்பும், செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைப் பிடித்து நொடிக்குச் சரியாக ஒரு கோடி அலைகள் தருகிற ஒரு பெட்டியும். வானொலி ஆர்வலர் சங்கத்தில் அலைவரிசை பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் "யசியைக் கேளுங்கள்" என்பார்கள். அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சங்கத்தில்தான் கோதண்டராமன் பழக்கம். நகரின் தென்கோடியில், புக்கெகோஹியில் இருப்பவர். ஐம்பத்தெட்டு வயதில் ஐ.டி. வேலை போய்விட்டது. வீட்டில் சும்மா இருந்த ஏழு மாதத்தில், தொலைபேசிக் கோபுரத்திலிருந்து கழித்துப்போட்ட, அணுக்கடிகாரம் போலத் துல்லியமான ரூபிடியம் கருவி ஒன்றை வாங்கி, மின்சாரம் கொடுத்து, பெட்டி செய்து, அதையும் ஒரு கோடி அலைகள் தர வைத்திருந்தார். சங்கத்தின் அலைவரிசை அளக்கும் போட்டிக்கு முன் ஒத்துப் பார்க்கலாமென்று, சனிக்கிழமை காலை அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு மனைவி காரோட்ட வந்து இறங்கினார்.

இரண்டையும் ஆஸிலோஸ்கோப்பில் கொடுத்தார்கள். திரை யசீகரனின் பெட்டியை அளவாக வைத்தே ஓடியதால், அவன் அலை அசையாமல் நின்றது. கோதண்டராமனுடையது மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது.

"உங்கடதுதான் பிழையா ஓடுது, அண்ணை" என்றான் யசீகரன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"அப்படியா தம்பி?" அவர் முகம் சுருங்கியது. "வேலைதான் போச்சு, இதாவது ஒழுங்கா வந்துச்சேன்னு நெனச்சேன்."

யசீகரனின் மனைவி பிரசாந்தி தேத்தண்ணிக்குக் கூப்பிட, அவர் உள்ளே போனார். அப்போதுதான் யசீகரன் தன் பெட்டியின் முகப்பைப் பார்த்தான். செம்மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் பிடி விட்டுப்போய், பெட்டி தன் பாட்டுக்கு ஓடுகிறது என்று அர்த்தம். போன வாரம் கூரைத் தகரம் மாற்றியபோது அவனேதான் ஆன்டெனாவைக் கழற்றி உள்ளே வைத்திருந்தான்.

இரண்டு அலைகள் ஒத்துப்போகவில்லை என்று மட்டுமே திரை சொல்லும். எது பிழை என்று சொல்லாது. அது அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் இப்போதுதான் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தான். பெட்டியை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

கோதண்டராமன் திரும்பி வந்து, கருவியின் அலைவரிசையை மாற்றும் திருகாணியைத் தன் கையாலேயே திருகினார். யசீகரனின் பெட்டிக்கு ஒத்து, அலை நகராமல் நின்றது. "இப்ப சரி" என்று சிரித்தார்.

போட்டியில் அவர் கடைசி. பதினெட்டுப் பேரில் பதினெட்டாவது. "ரூபிடியம் வைத்துக்கொண்டா?" என்று யாரோ பகிடியாகக் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த யசீகரன் தரையைப் பார்த்தான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. யசீகரன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினான். பிரசாந்தி துருவித் துருவிக் கேட்டபோது சொல்லிவிட்டான்.

"என்னட்ட ஏன் சொல்லுறியள்?" என்றாள். "அவரிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை புக்கெகோஹிக்குப் போனான். கோதண்டராமன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"பிழை என்ரை பெட்டியில, அண்ணை. உங்கட கருவி முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு."

"பரவால்ல தம்பி, யாருக்கும் நடக்கும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அவனால் முடியவில்லை. "நீங்க தேத்தண்ணி குடிக்கேக்கையே எனக்குத் தெரியும்."

குழாயை மூடிவிட்டு அவர் நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா என்னைத் திருக விட்டீங்க?"

"ஓம்."

"ரெண்டு மாசமா நான் ஒண்ணுக்கும் ஒதவாதவன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன், தம்பி."

யசீகரனுக்குக் கண் கலங்கியது. "என்ரை பெட்டியை நீங்களே வைச்சிருங்கோ. இல்லாட்டி உங்கடதை நானே சரிசெய்து தாறன்."

"உங்க பெட்டி வேணாம். என்னோடதை நீங்க தொடவும் வேணாம்." குழாயை மறுபடி திறந்துகொண்டே, "சங்கத்துல சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப" என்றார்.

சொன்னான். எழுந்து நின்று, விளக்கைப் பார்த்ததையும் பெட்டியைத் திருப்பி வைத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் தேற்றவும் இல்லை. அளவை விஷயத்துக்கு அவனைத் தேடி வருவது அதோடு குறைந்துபோனது.

கோதண்டராமன் வேறொருவரின் உதவியோடு கருவியை மறுபடி சரிசெய்துவிட்டுக் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார். யசீகரனைக் கண்டால் "சாப்பிட்டாச்சா?" என்பார். அவன் "ஓம் அண்ணை" என்பான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வளர்வதில்லை.