இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பும் கார்

இன்று காலை மகன் புது மின்சாரக் காரை எங்கள் மணவாள நகர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறும்மா, ஒரு ரவுண்டு போலாம்."

ஏறினேன். ஒரு சத்தமும் இல்லை.

"ஸ்டார்ட் ஆயிடுச்சாடா?"

"அப்பவே ஆயிடுச்சும்மா."

எழுபதுகளில் இதே வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. விடியற்காலையில் அப்பா அதைக் கிளப்பிச் சூடேற்றும் நேரத்தில்தான் அம்மா பால் கறப்பார். அந்த உறுமல் கேட்டால்தான் எங்கள் மாடு பால் விடும் என்பது, கார் மெக்கானிக்கிடம் போன அன்றுதான் தெரிந்தது.

மாடு பாலை அடக்கிக்கொண்டு உதைத்தது. உள்ளே கைக்குழந்தையாக இருந்த தம்பி பசியில் கத்தினான்.

"இன்னாங்க, நீங்களாவது கார் மாதிரி கொஞ்சம் சத்தம் குடுங்களேன்" என்றார் அம்மா.

"சும்மா இரு! தெருவே பாத்துக்கினு சிரிக்கும்" என்றார், நாங்கள் நிமிர்ந்து பார்க்கவே பயப்படும் அப்பா.

தம்பி இன்னும் ஓங்கி அழுதான்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டருகே போய் நின்று, "டுர்ர்ர்ர்" என்றார்.

மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல ரெண்டு வாட்டி இருமுங்க. நம்ம வண்டி அப்டித்தான கிளம்பும்?"

அப்பா இருமினார். பிறகு உறுமினார். செம்பில் பால் விழுந்தது.

இன்று மகனின் காரில் என்னையறியாமல் இரண்டு தடவை இருமிவிட்டு "டுர்ர்ர்" என்றேன்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று பதறினான்.

"இப்பதான்டா ஸ்டார்ட் ஆச்சு. போ."

உங்கள் வீட்டிலும் வாயால் வண்டி கிளப்பியவர்கள் இருந்தால் கீழே கருத்துப் பகுதியில் வந்து சொல்லுங்கள். எங்கள் அப்பா அங்கே தனியாக நிற்கிறார்.